கொச்சிக்குப் போக பெங்களூரில் நாலு மணி நேரம்

1

பக்கத்து வீட்டு பீட்டர் போன ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு எழுபது வயது. மனைவியோடு கப்பலில் பத்து நாள் சுற்றிவரப் போகிறார். கப்பல் கிளம்புவது மெல்போர்னில். நாங்கள் இருப்பது அடிலெய்டு. நடுவில் காரில் போனால் ஒரு முழுப் பகல்.

"நீயும் உன் ஊர்ப் பக்கம் கப்பல் ஏறினாய் அல்லவா? துறைமுகத்துக்குப் பறந்து போவது நல்லதா, ஓட்டிக்கொண்டு போவது நல்லதா?"

கையில் ஒரு தாள் வைத்திருந்தார். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் விமானத்தின் நல்லது கெட்டது, மறுபக்கம் காரின் நல்லது கெட்டது. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கார் வழியில் நின்றாலும் காத்திருக்காது. விமானத்தில் பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு. காருக்குத் துறைமுகத்தில் நிறுத்த இடம் தேட வேண்டும். எல்லாம் சரியாக எழுதியிருந்தார்.

நான் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இவர் எதற்கு என்னிடம் கேட்கிறார், சாரதா ஏதாவது இவர் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டாளோ என்றுதான் என் புத்தி முதலில் போனது. சாரதா என் மனைவி. அப்புறம் "யோசித்துச் சொல்கிறேன்" என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதக் காரணம் அந்தக் கேள்விதான். கோயமுத்தூரில் இருந்து கொச்சித் துறைமுகத்துக்கு விமானமா காரா என்று எங்கள் வீட்டிலும் ஒரு வாரம் சண்டை நடந்தது. அதில் நான் செய்த ஒரு காரியத்தால் என் மகள் நிவேதா என்னோடு பேசுவது குறைந்து இன்றைக்கு மூன்று மாதம் ஆகிறது. ஒரே மகள்.

2

நான் கோபிப் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடம் பத்தோடு நின்றது. அப்புறம் ஐடிஐயில் டர்னர் வேலை. பெங்களூர் பீன்யாவில் இரண்டு வருஷம், கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் பதினோரு வருஷம் லேத்தில் நின்றேன். நிவேதாவுக்கு நாலு வயதில் இங்கே வந்தோம். இப்போது அவளுக்கு இருபத்தாறு. வயதானவர்கள் தங்கியிருக்கும் ஒரு இல்லத்தில் அலுவலக வேலை பார்க்கிறாள்.

வந்த புதிதில் நிரப்பிய ஒவ்வொரு பாரத்திலும் குடும்பப் பெயர் கேட்டார்கள். எனக்கு அப்படி ஒன்று இல்லை, அப்பா பெயர்தான் உண்டு என்றேன். அதையே எழுதிக்கொண்டார்கள். அதனால் கடலையே பார்க்காத ராமசாமி என்ற என் அப்பாவின் பெயர் எங்கள் மூன்று பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் "மிசஸ் ராமசாமி" என்று கூப்பிட்டால் சாரதா இன்றைக்கும் மாமனார் வந்துவிட்டது போல எழுந்து நிற்பாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் முடிந்ததற்கு நிவேதாதான் மூன்று பேருக்கும் கப்பல் டிக்கெட் போட்டாள். தை மாதம் ஊருக்குப் போகும்போது கொச்சியில் ஏறி, கோவா வழியாக மும்பையில் இறங்குவது. மூன்று ராத்திரி. திங்கட்கிழமை மத்தியானம் ஏற வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் எங்கயுமே போனதில்லப்பா. கோயில் தவிர" என்றாள்.

சிங்காநல்லூரில் என் மச்சினன் செந்தில் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே வைத்துத்தான் நிவேதா பயண விவரம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை கோயமுத்தூரில் விமானம் ஏறி பெங்களூர். அங்கே நாலு மணி நேரம் காத்திருந்து இன்னொரு விமானத்தில் கொச்சி. ராத்திரி ஓட்டலில் தங்கி, மறுநாள் நிதானமாகக் கப்பல்.

செந்தில் தட்டில் இருந்த இட்லியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"ஏனுங்க மாமா, இந்தப் புள்ளை நெசமாத்தான் சொல்லுதா? வாளையார் தாண்டுனா கேரளா. அஞ்சு மணி நேரத்துல கொச்சி. அதுக்குப் போயி வடக்க பெங்களூருக்குப் பறந்து, அங்க குந்தி இருந்து, மறுக்கா தெக்க எறங்கறதுங்களா? மூக்கைத் தொடறதுக்கு முதுகைச் சுத்திப் போற மாதரயல்ல இருக்குது!"

"மாமா, கேரளால திடீர்னு பந்த்னு சொல்லீட்டா? குதிரான் டனல்ல ட்ராபிக் நின்னுட்டா? கப்பல் நமக்காக நிக்காது" என்றாள் நிவேதா.

"பந்த்னா மொத நாளே சொல்லிப்போடுவாங்க கண்ணு. அதுவுமில்லாம ப்ளைட்டு லேட்டாகறதே இல்லையாக்கும்? மேகம், மூட்டம்னு போன மாசம் என்ற சிநேகிதனை ஆறு மணி நேரம் உக்கார வெச்சுப்போட்டான். கார்னா நம்ம வண்டி, நம்ம நேரம். ஊறுகாய் கொண்டு போலாம், முறுக்கு கொண்டு போலாம். எவனும் தொறந்து பாக்க மாட்டான்."

"உங்க புது வண்டியை ஓட்டிக் காட்டணும். அதான் மாமா விஷயம்" என்றாள் அவள். செந்திலின் சம்சாரம் சமையலறையில் இருந்தபடியே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நாலு மணி நேரம் நெஞ்சில் குத்தியது.

3

சந்தேகம் எனக்குத் தொழிலில் இருந்து வந்தது. லேத்தில் ஒரு உருப்படியைக் கழற்றினால் அளவு சரியாக இருந்தாலும் மறுபடி அளப்பேன். பெயர் தெரியாத ஊருக்கு வந்த பிறகு அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அரசாங்கத்தில் இருந்து கடிதம் வந்தால், குடியுரிமையைப் பிடுங்கத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பிரிப்பேன். பல் பரிசோதனைக்கு வரச் சொல்லி எழுதியிருப்பார்கள்.

பிள்ளை வளர வளர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் சிரிக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறாளோ என்று தோன்றும். ஒரு நாள் கூட அவள் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பண்ணாரி அம்மன் படத்துக்கு விளக்கு வைத்து நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளை என் கையை விட்டுப் போகக் கூடாது தாயே.

செந்தில் வீட்டில் அந்த வாரம் பார்த்தேன். போன் வந்தால் நிவேதா மொட்டை மாடிக்குப் போனாள். ஒரு நாள் துணி எடுக்கப் போவது போல நானும் போனேன். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்பது மட்டும் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டாள். கடைவீதிக்குப் போனபோது அவளாகவே ஒரு பட்டுப்புடவை வாங்கினாள். இருபத்தாறு வருஷத்தில் அவளாகப் புடவை கேட்டதில்லை. வேறு விமானம் உண்டா என்று செந்திலை அவன் போனில் பார்க்கச் சொன்னேன். அதே பெங்களூரில் ஒன்றரை மணி நேரம் மட்டும் காத்திருக்கிற மாதிரி இன்னொரு விமானம் இருந்தது.

"ஏங்கண்ணு, அதுல போட்டிருக்கலாமே?"

"இதுதான்பா நல்ல டைம்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. யாரோ இருக்கிறான். பெங்களூரில் இருக்கிறான். அங்கே எங்களை உட்கார வைத்துவிட்டு இவள் "போய்ட்டு வாரேன்" என்று பட்டுப்புடவையோடு போய்விடுவாள். கப்பல் எங்களுக்குச் சமாதானமாகக் கொடுத்த மிட்டாய். இப்படி நான் கணக்குப் போட்டேன். சாரதாவிடம் சொன்னேன்.

"உங்களுக்கு ஏனுங்க இப்படியே போகுது புத்தி? புள்ளை ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்குது. பேசாம வாங்க" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

4

பரஸ்தானம் என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இப்போது இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. பயணம் போகிற அன்றைக்கு அந்தத் திசைக்குச் சூலம் இருந்தால், முன்கூட்டியே ஒரு நல்ல நாளில், போகிற வழியில் உள்ள ஒரு வீட்டில் நம்முடைய பொருள் எதையாவது கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். கிளம்புகிற அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும். வைத்த பொருள் திரும்ப நம் வீட்டுப் படி ஏறக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். கொச்சி மேற்கே இருக்கிறது. ஆகவே பரஸ்தானம் வைக்க வேண்டும் என்று புதன்கிழமை காலையில் நான் எல்லோரிடமும் சொன்னேன். மதுக்கரையில் செந்திலின் மாமனார் வீடு இருக்கிறது. பாலக்காட்டு ரோட்டுக்குப் பக்கத்தில். பஸ் ஏறிப் போய், ஒரு மஞ்சப்பையில் புது வேட்டி, ஒரு தேங்காய், விபூதிப் பொட்டலம் வைத்து அவர்கள் சாமி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். விமானத்தில் போகிறவர்களுக்கு மதுக்கரை வழியில் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை.

வேட்டிக்கு அடியில் எங்கள் மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும், மற்ற அடையாள அட்டைகளும் இருந்த ஜிப் பை இருந்தது. வெளிநாடு வந்த நாளில் இருந்து அது என் பொறுப்பில்தான் இருக்கும். யாரும் கேட்கவே மாட்டார்கள்.

தவறுதலாக வைத்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படித்தான் அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். தெரிந்துதான் வைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் போனால் முதலில் போவது பெங்களூர். அது வடக்கே. ஞாயிற்றுக்கிழமை வடக்கே சூலம் கிடையாது. நிவேதா போட்ட டிக்கெட்டுக்குப் பரஸ்தானமே தேவையில்லை. பஞ்சாங்கம் பார்க்கிற எனக்கு இது தெரியாமல் இல்லை. சாமி காரியத்தை நான் பூட்டாக உபயோகப்படுத்தினேன். மதுக்கரையில் அந்த அலமாரி முன்னால் கும்பிட்டபோது வழக்கமாக வருகிற அம்மன் முகம் எனக்கு வரவில்லை. வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு பீளமேடு விமான நிலையத்தில் செந்தில் எங்களை இறக்கிவிட்டான். விமானம் எட்டு நாற்பதுக்கு. வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர் டிக்கெட்டையும் அடையாளத்தையும் கேட்டார்.

"அப்பா, பாஸ்போர்ட்" என்று நிவேதா கையை நீட்டினாள்.

நான் தோள்பையைத் திறந்து தேடினேன். பக்கத்து ஜிப்பில் தேடினேன். பெட்டியைத் தரையில் படுக்க வைத்துத் தேடினேன். இல்லாத பொருளை எவ்வளவு நேரம் தேடினால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. கூடுதலாகவே தேடினேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. காவலர் ஓரமாகப் போகச் சொன்னார்.

"மஞ்சப்பையில மாறிப் போயிருச்சாட்ட இருக்குது" என்றேன்.

"எந்த மஞ்சப்பை?"

"மதுக்கரையில வெச்சது."

நிவேதா மணியைப் பார்த்தாள். மதுக்கரை ஊருக்கு அந்தக் கோடி. போய் வர ஒன்றரை மணி நேரம். அவள் அதைக் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. நான் அந்தக் கணக்கைப் புதன்கிழமையே போட்டுவிட்டேன்.

"ஐயோ, கண்ணு..." என்றாள் சாரதா. என்னிடம் இல்லை, மகளிடம்.

நிவேதா என்னைத் திட்டவில்லை. ட்ராலிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு போன் செய்தாள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மகள் தப்பித்தாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

"சரி. மாமாவைக் கூப்பிடுங்க. கார்லயே போலாம்" என்று வந்தாள்.

6

செந்தில் வந்த வேகத்தைப் பார்த்தால் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருந்தான் என்று தோன்றியது. "நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே மாமா! சாமியே நம்ம வண்டியிலதான் போகோணும்னு எழுதிப்போட்டுது."

"பேசாம ஓட்டுடா" என்றாள் சாரதா. தம்பியை அவள் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை.

மதுக்கரையில் செந்திலின் மாமியார் மஞ்சப்பையை எடுத்துக் கொடுத்து, காபி கொடுத்தது. "நல்ல சகுனமுங்க. நேத்து சாயங்காலம் அலமாரியில பல்லி சொல்லுச்சுங்க" என்றது. நிவேதா பையை வாங்கினாள். வேட்டியை விலக்கினாள். ஜிப் பை அடியில், தேங்காய்க்கும் கீழே, நன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தானாக மாறி விழுந்த பொருள் அப்படி இருக்காது. அவள் அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.

வாளையார் தாண்டி பாலக்காட்டு வெயிலில் வண்டி போனது. செந்தில் மட்டும்தான் பேசினான். வண்டி எவ்வளவு வேகம் பிடிக்கிறது, குதிரான் டனல் வருவதற்கு முன்னால் இந்த மலையில் லாரிகள் எப்படி நிற்கும், அடுத்த வருஷம் அவனும் கப்பல் போகப் போவது. டனலுக்குள் நுழைந்து வெளியே வந்தோம். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பந்த் இல்லை. மழை இல்லை. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் கொச்சி வந்துவிட்டது. விமானமா காரா என்று கேட்டால் கார்தான் ஜெயித்தது என்று செந்தில் இன்றைக்கும் சொல்லுவான்.

வழி முழுக்க நிவேதாவின் போன் அவள் மடியில் மினுங்கிக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஓட்டலில் எங்களை விட்டுவிட்டு செந்தில் ஊர் திரும்பினான். நிவேதா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். நல்லவேளை, எதுவும் நடக்கவில்லை என்று நான் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

7

திங்கட்கிழமை மத்தியானம் துறைமுகக் கூடத்தில் நீளமான வரிசை. வெளியே கப்பல் ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட் போல நின்றது. உள்ளே ஆளுக்கு ஒரு பாரம் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். எங்கள் மூன்று பேருக்கும் நிவேதாதான் எழுதுவாள், எப்போதும் அப்படித்தான். சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டே வரிசையோடு நகர்ந்தாள். நான் பின்னால் நின்று அவள் தோளுக்கு மேல் பார்த்தேன்.

ஆபத்து என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். என் தாளில் செந்தில் பெயர். சாரதா தாளிலும் செந்தில். அவள் தாளில் மஞ்சுநாத் என்று எழுதினாள். கன்னடப் பெயர்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாள் சந்தேகப்பட்டது கண்ணுக்கு முன்னால் எழுத்தாக வந்தபோது அதை மறுபடியும் ஒரு தரம் படித்தேன்.

"இது யாரு கண்ணு?"

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. "கேக்கறீங்களாப்பா, இல்ல விசாரிக்கறீங்களா?"

"கேக்கறேன்."

வரிசையில் நின்றபடியே சொன்னாள். முன்னால் ஒரு மலையாளக் குடும்பம், பின்னால் புதுசாகக் கல்யாணமான ஜோடி. அவர்களுக்குப் புரிந்தாலும் பரவாயில்லை என்பது போல சொன்னாள். மஞ்சுநாத் அவள் வேலை செய்கிற இல்லத்தில் நர்ஸ். தும்கூர்க்காரன். அப்பா இல்லை. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் அம்மாவும் பெங்களூர் விமான நிலையத்துக்கு வந்து எங்களைப் பார்ப்பதாக இருந்தது. அதற்குத்தான் புடவை.

"சிங்காநல்லூருக்கே வரச் சொல்லியிருக்கலாமே, சாமி."

"வரச் சொன்னா செந்தில் மாமா இருப்பாங்க, ஒறம்பறை, சொந்தபந்தம் பூராம் இருப்பாங்க. உங்களுக்குப் புடிக்கலைன்னாக்கூட அத்தனை பேர் முன்னாடி உங்களால சொல்ல முடியாது. ஏர்போர்ட்ல நம்மளை யாருக்கும் தெரியாதுப்பா. நீங்க எந்திரிச்சுப் போனாக்கூட யாரும் கேக்க மாட்டாங்க." தாளை அடுத்த பக்கம் திருப்பினாள். "நாலு மணி நேரம் உங்களுக்காகத்தான் போட்டேன். உங்களுக்குக் கோவம் வரோணும், அப்பறம் அது எறங்கோணும். ஒன்றரை மணி நேரம் பத்தாது."

நான் சாரதாவைப் பார்த்தேன். அவள் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க அது இடமில்லை.

"அந்தம்மா வந்திருந்தாங்களா?"

"விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறி வந்துட்டாங்க. பூ, வெத்தலை பாக்கு, தேங்கா எல்லாம் கொண்டு வந்தாங்களாம். பாஸ்போர்ட் இல்லைன்னு நான் போன் பண்ணினப்ப அங்க உக்காந்திருந்தாங்க. அடுத்த ப்ளைட்ல வந்துருவாங்கன்னு மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கவே இல்லையாம்."

அந்த நேரத்தில் நான் குதிரான் டனலில் இருந்து வெளியே வந்துகொண்டிருந்திருப்பேன். ஊர் பேர் தெரியாத ஒரு அம்மா, தட்டில் பூவோடு, விமானங்கள் இறங்குகிற நேரம் காட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அவங்களுக்குப் போன் போடு" என்றேன்.

"எதுக்குப்பா?"

"போடு கண்ணு."

அவள் யோசித்துவிட்டுப் போட்டாள். முதலில் பையன் பேசினான், அவள் ஏதோ சொன்னாள், அப்புறம் போனை என்னிடம் கொடுத்தாள். பையனுக்குத் தமிழ் வரும், அந்தம்மாவுக்கு வராது. பீன்யாவில் இரண்டு வருஷம் இருந்த கன்னடம் எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நமஸ்காரம் சொன்னேன். அந்தம்மாவும் சொன்னது. குரலில் இனிப்பும் இல்லை, கோபமும் இல்லை. சந்தையில் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரியான குரல். அப்புறம் கன்னடத்தில் நேராக ஒன்று கேட்டது.

"ஐயா, நான் படிக்காதவள், தப்பாக நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டை மறந்து வைத்தீர்களா, தெரிந்து வைத்தீர்களா?"

என்னைப் போலவே ஒரு ஆள் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மறந்துதான் என்று சொன்னால் அங்கே முடிந்துவிடும். என் மகள் என் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்குக் கன்னடம் தெரியாது.

"தெரிந்துதான் வைத்தேன் அம்மா. தப்புதான்" என்று கன்னடத்தில் சொன்னேன்.

பின்னால் எங்கோ குக்கர் விசில் கேட்டது. "ம்" என்றது அந்தம்மா. "கப்பல் ஏறிப் போய்விட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்." வைத்துவிட்டது. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் நிவேதா.

சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள், ஆச்சு என்றேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பையன் மூலம் எப்படியும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்ற கணக்கும் எனக்குள் ஓடியது, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அது மட்டும் காரணமில்லை. வேறு பாஷையில் சொல்லும்போது அது வேறு யாரோ செய்த காரியம் போல இருந்தது. அதையே தமிழில், என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. பண்ணாரித் தாயே என்று மனசுக்குள் கூப்பிட்டேன். அப்போது முகம் வந்தது.

"அந்தப் பாஸ்போர்ட்டை நான் மறந்து வெக்கலை கண்ணு. நீ பெங்களூர் போகக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் மதுக்கரையில கொண்டு போய் வெச்சேன். வாசல்ல தேடுனது பூராம் நடிப்பு."

"ராமசாமி" என்று முன்னால் இருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேருமே திரும்பினோம்.

நிவேதா எங்கள் இரண்டு பேருடைய தாளையும் பாஸ்போர்ட்டையும் என் கையில் கொடுத்தாள். அவளுடையதை அவள் வைத்துக்கொண்டாள். மேஜையில் முத்திரை வாங்கிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, கப்பலுக்கு ஏறுகிற சரிவுப் பாதையில் முன்னால் போய்விட்டாள். எங்களுக்கு முத்திரை குத்தி முடிக்க நேரமாயிற்று. சாரதா என் கையைப் பிடிக்கவில்லை, ஆனால் என் பக்கத்திலேயே நடந்தாள்.

பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். சரிவின் உச்சியில் நிவேதா நின்றிருந்தாள். முதுகு எங்கள் பக்கம். அவளுக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எங்களுக்காக நிற்கிறாளா, வரிசை நகராததால் நிற்கிறாளா என்று கீழே இருந்து எனக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்க, கொஞ்சம் வேகமாக நடந்தேன்.